அரிசிப் பையை வாங்காமல் போனவர்

(படைவீரர் கொடி நாளையொட்டி நடந்த டிரஸ்ட் கூட்டத்தில் செயலாளர் பேசியது)

 

டிசம்பர் 7 கொடி நாள். 1949 முதல் இந்த நாளில் படைவீரர் நலனுக்காக நாடு முழுவதும் நிதி திரட்டுகிறார்கள். சென்ற ஆண்டு இதே சமயத்தில்தான், பணியில் ஊனமுற்றுத் திரும்பியவர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேச நம் டிரஸ்ட் கூடத்தைத் திறந்துவிட்டோம். எந்த மதத்தவரும் வரலாம் என்று அறிவித்தோம். ஓராண்டில் என்ன நடந்தது என்று சொல்லும்படி தலைவர் பணித்தார்.

முதல் கூட்டத்தில் நடந்த தவறிலிருந்து தொடங்குகிறேன். தவறு என்னுடையதுதான். ரமலானில் கொடுப்பதுபோல ஆளுக்கொரு அரிசிப் பை கட்டி வைத்து, போட்டோ பிடிக்கவும் ஆள் வைத்திருந்தேன். நம் தெருக்காரர் ஒருவர், ராணுவத்தில் டிரைவராக இருந்தவர், பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தார். "தம்பி, எனக்கு ஒம்பது மா நிலம் இருக்கு. அரிசி வீட்லயே விளையுது. ஒரு காகிதத்தப் படிச்சுச் சொல்ல ஆள் இருந்தா அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் போட்டோக்கள் எதுவும் இந்த மடலில் வராததற்குக் காரணம் அதுதான்.

மறுவாரம் நானே அவர் வீட்டுக்குப் போனேன். சிக்கிம் மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து முதுகெலும்பில் அடிபட்டவர். அதன்பிறகு இலகுவான வேலை கொடுத்தார்கள். பணிக்காலத்தை முடித்துத்தான் ஊர் திரும்பினார். மெடிக்கல் போர்டு 30 சதவீத ஊனம் என்று எழுதியிருந்தது. அந்த 30க்கான தொகைதான் இன்றுவரை வருகிறது.

இதில் ஒரு விதி இருக்கிறது. ஊனம் 50க்குக் கீழே இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் வைத்துக் கணக்கிட வேண்டும். உடல்நிலை காரணமாக இடையிலேயே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமே இது என்று அரசு சொல்லிவந்தது. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. அப்படியானால் 30 சதவீத ஊனத்துக்கு 9 சதவீதம். 50 ஆக வைத்தால் 15. மாதாமாதம் இந்த வித்தியாசம் எவ்வளவு என்று அவரவர் போட்டுப் பாருங்கள். (2023 செப்டம்பருக்குப் பின் புதிய விதிகள் வந்துவிட்டன, அண்மையில் ஓய்வு பெற்றவர்கள் அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.)

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக மனு போயிருக்கிறது. உத்தரவு இன்னும் வரவில்லை. மறுத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையில் இருக்கிறது; அங்கே போவோம், இன்ஷா அல்லாஹ்.

ஒரத்தநாடு பக்கத்துச் சகோதரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். 1987இல் இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இருந்தவர். கண்ணிவெடியில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் 2018 கஜா புயலில் கூரையோடு போனது. நகல் கேட்டு பெங்களூரில் உள்ள மெட்ராஸ் என்ஜினீயர் குரூப் ஆவணப் பிரிவுக்கு நம் கல்லூரிப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்தார்கள்.

அவர் மாட்டியிருப்பது ஜெய்ப்பூர் கால். 1968இல் டாக்டர் சேத்தியும் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கியது. ரப்பர் பாதம், மேலே செருப்பு வேண்டாம். குந்தலாம், சம்மணம் போடலாம், ஈரத்தில் நடக்கலாம். மேட்டூர் திறந்து குறுவை நடவு நடந்தபோது எங்களை வயலுக்கு அழைத்துப் போனார். சேற்றில் இறங்கி நடந்தவர் அவர். வரப்பில் வழுக்கி விழுந்தவன் நான்.

வெடியில் விரல்கள் போன ஒருவருக்கு ஆண்டுதோறும் உயிர்ச்சான்று கொடுப்பதுதான் பெரும்பாடு, கைரேகை விழாது. போனில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம் என்ற வசதி 2021இலேயே வந்துவிட்டது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் முடித்தார்கள்.

கடைசியாக அந்த டிரைவர் அண்ணனிடமே திரும்புகிறேன். "ஏன் ஜும்ஆவுக்கு வருவதில்லை?" என்று கேட்டேன். "படி நாலு இருக்கே தம்பி" என்றார். பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) மதீனாவில் பொறுப்பாளராக விட்டுச் சென்றதை நாம் எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம்! ஒரே தெருவில் இத்தனை வருடம் அந்த நாலு படி என் கண்ணில் படவில்லை.

கொத்தனாரைக் கூட்டிவந்து அளந்தோம். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது சாய்தளத்துக்கு முறை. நாலு படியும் சேர்ந்து இரண்டடி. ஆக 24 அடி வேண்டும். வாசலில் அவ்வளவு இடமில்லை. வுளூ செய்யும் ஹவுஸ் பக்கமாக வளைத்துத்தான் கட்ட முடியும். அப்படிக் கட்டினால் நாம் ஸ்கூட்டர் நிறுத்துகிற இடம் போய்விடும். வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் முத்தவல்லி இதை முடிவுக்கு எடுக்கிறார். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் அவசியம் இருந்து கருத்துச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும் படைவீரர் சகோதரர்கள் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, மெடிக்கல் போர்டு காகிதம் மூன்றையும் எடுத்து வாருங்கள். டீ உண்டு. அரிசிப் பை கிடையாது.