மின்மினி ஆற்றங்கரை

(அறவாரியத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் செயலவை உறுப்பினர் ஆற்றிய உரை)

வாத்தியாரிடம் மைக் கிடைத்தால் விடமாட்டார் என்று அஞ்ச வேண்டாம்; சுருக்கமாகவே பேசுகிறேன்.

கோல சிலாங்கூர் பக்கம் கம்போங் குவாந்தான் என்ற கிராமம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இருட்டிய பிறகு சிலாங்கூர் ஆற்றில் சம்பானில் போனால், கரையிலுள்ள பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவதைக் காணலாம். கிராமத்தாரே துடுப்புப் போட்டு அழைத்துச் செல்வார்கள்.

1994-இல் தோட்டப் பள்ளி மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். துணைக்கு வந்த பெற்றோர் ஒருவர் டார்ச் லைட்டை மரத்தின் மேல் அடித்துவிட்டார். படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். கோபிக்கவில்லை. "சிகு, மரத்தில் மின்னுவது வளர்ந்த பூச்சி. இதன் புழு கரைக்குப் பின்னால் ஈர மண்ணில், சின்ன நத்தைகளைத் தின்று வளர்கிறது. அங்கே செடிகொடியை அழித்துவிட்டால், மரம் மட்டும் நின்று என்ன பயன்?" என்றார் மலாயில்.

நான் தமிழில் சொன்னதும், டார்ச் அடித்தவர் திகைத்துப் போனார். தோட்டத்தில் அவருக்கு வேலையே மருந்து அடிப்பதுதான். "ஆத்தோரம் வரைக்கும் அடிக்கிறோம் சார். இத்தனை வருஷத்துல யாரும் எங்ககிட்ட வந்து சொல்லலையே" என்றார்.

மேலாளரிடம் பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். தேர்வு வந்தது, பிறகு மாற்றல் வந்தது. போகவே இல்லை. அவர் என்னை நம்பியிருப்பார். அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

2009-இல் மாநில அரசு அந்த ஆற்றங்கரையைப் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் புழு அரசிதழ் படிப்பதில்லை. பக்கத்துச் செம்பனை நிலத்தில் என்ன நடக்கிறது என்பதும் அதற்கு முக்கியம். சம்பான் வருமானம் கிராமத்தாருக்குக் கிடைப்பதால் மரத்தைத் தம்முடையதாகக் காக்கிறார்கள். தோட்டத்து மக்களுக்கு அப்படி என்ன பங்கு இருக்கிறது? பலகை நடுவதற்கு முன் அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டாமா?

ஆகவே செயலவையில் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு பேருந்து ஏற்பாடு செய்வோம். பகலில் அக்கம்பக்கத் தோட்டங்களுக்குப் போய்ப் பெரியவர்களிடம் பேச வேண்டும். இரவில் அவர்களுடைய பிள்ளைகளையும் சம்பானில் ஏற்ற வேண்டும். கட்டணத்தைப் பற்றி நன்கொடையாளர்கள் யோசியுங்கள். வருகிறவர்கள் கொசுவுக்கு நீளக்கைச் சட்டை போட்டு வாருங்கள். டார்ச் லைட் வேண்டாம்.