அடுப்பங்கரையில் ஹைட்ரஜன்



வெள்ளிவிழா மேடையில் அறிவியற் பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். நாம் எடுத்துக்கொண்டது ஹைட்ரஜன். 'தண்ணீரால் அடுப்பெரியும் காலம் வந்துவிட்டது' என்று மாணவர் சிலர் மகிழ்ந்து கூறக் கேட்கிறோம். விறகுப் புகையில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த தாய்மார்கள் அமர்ந்திருக்கும் இவ்வவையில், அப்பேச்சை ஆராயாது விடுதல் முறையன்று.

தண்ணீர் எரிபொருள் அன்று. விறகுக்குச் சாம்பல் எப்படியோ, ஹைட்ரஜனுக்குத் தண்ணீர் அப்படி. எரிந்தபின் எஞ்சுவது அது. அதை மீண்டும் ஹைட்ரஜனாக்க மின்னாற்பகுப்பு வேண்டும். 1 கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 9 லிட்டர் தண்ணீரும் 50 யூனிட்டுக்கு மேற்பட்ட மின்சாரமும் செலவாகும். அந்த 1 கிலோவை எரித்தால் கிடைக்கும் வெப்பமோ சுமார் 33 யூனிட். அடுப்பில் வீணாவது போகப் பாத்திரத்தைச் சேர்வது 20 யூனிட்டை ஒட்டியே இருக்கும். அதே 50 யூனிட்டை மின்தூண்டல் அடுப்பில் நேரே செலுத்தினால் 40 யூனிட்டுக்குக் குறையாமல் பாத்திரத்தைச் சேரும். இக்கணக்கை எட்டாம் வகுப்பு மாணவனும் போட்டுவிடலாம்.

அடுத்தது இடம். 14.2 கிலோ சமையல் எரிவாயு தரும் வெப்பத்தை ஐந்தரை கிலோ ஹைட்ரஜன் தந்துவிடும். எடை குறைவுதான், ஆயின் அழுத்தாத நிலையில் அது ஒரு வகுப்பறையில் பாதிக்கு மேல் நிரப்பும். சமையல் எரிவாயு சிறிது அழுத்தத்திலேயே திரவமாகிறது. ஹைட்ரஜனோ பூச்சியத்துக்குக் கீழ் 253 பாகை வரை குளிர்ந்தாலன்றித் திரவமாகாது. ஆகவே பன்னூறு மடங்கு அழுத்தம் தாங்கும் கலன் வேண்டும். அதன் சுடர் பகல் ஒளியில் கண்ணுக்குப் புலப்படுவதும் அரிது. ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாயருகே தீக்குச்சி காட்டியதும் 'பப்' என்று ஒலிக்கக் கேட்டு மாணவர் சிரிப்பர்; மூடிய சமையலறையில் அது சிரிக்கும் பொருளாகாது.

இது புதுமை என்பாரும் உளர். பிரிட்டனில் நிலக்கரியிலிருந்து எடுத்த நகர வாயுவில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜனே. 1967 முதல் 1977 வரை வட கடல் இயற்கை வாயுவுக்கு மாறும் வரையில் அந்நாட்டு இல்லங்கள் அதைக்கொண்டே சமைத்தன. அண்மையில் அங்கே மீண்டும் ஹைட்ரஜனைக் குழாய்வழி வீடுகளுக்கு அனுப்பிப் பார்க்க எண்ணினர். எல்ஸ்மியர் போர்ட் நகரின் விட்பிப் பகுதி மக்கள், 'எங்கள் வீட்டில் சோதனை எதற்கு? செலவு யாருடையது?' என்று வினவினர். மக்கள் ஆதரவின்மையால் 2023 ஜூலையில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ரெட்கார் நகரத் திட்டமும் போதிய ஹைட்ரஜன் கிட்டாமையால் அவ்வாண்டு டிசம்பரில் நின்றது. கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்பதை விட்பி மக்கள் அறிந்திருந்தனர். நம் தெருக்களுக்கு வரும் திட்டங்கள் நம்மைக் கேட்டு வந்தனவா என்பதை அவையோரே அறிவர்.

ஜப்பானில் 2009 முதல் விற்பனையாகும் வீட்டு எரிபொருள் மின்கலம் மின்சாரமும் வெந்நீரும் ஒருங்கே தருகிறது. நல்ல கருவிதான். ஆனால் அதன் ஹைட்ரஜன் வாயுக்குழாயில் வரும் எரிவாயுவிலிருந்து பிரிக்கப்படுவது. கரியமில வாயு வெளிப்படவே செய்கிறது.

ஹைட்ரஜனை நாம் இகழவில்லை. உரத்துக்கு அஃது இன்றியமையாதது; உருக்குக்கும் பயன்படும். 2023 ஜனவரியில் நடுவணரசு ஒப்புதல் அளித்த, 19,744 கோடி ரூபாய்ப் பசுமை ஹைட்ரஜன் இயக்கமும் பெரிதும் ஆலைகளையே நோக்கியது. அத்துறையில் நம் மாணவர் பொறியாளராக வேண்டும். ஆயினும் அது வரும் என்று அடுப்படி காத்திருத்தல் ஆகாது. எரிவாயு இணைப்புப் பெற்றும், மறு உருளை வாங்கப் பணமின்றி விறகுக்கே திரும்பிய வீடுகள் உண்டு. உருளையின் விலை எளியோர் கைக்கு எட்ட வேண்டும். மின்னடுப்பைத் தாங்கும் மின்கம்பி கடைசித் தெரு வரை வர வேண்டும். இவ்விரண்டையும் மனுவாக எழுதித் தர, நம் சங்கத்தில் பயின்ற பட்டதாரிகளை இம்மேடையிலிருந்தே அழைக்கிறோம்.