கடைசி நாளில் மூழ்கக் கூடாது



மாலத்தீவில் முதல் சுற்றுலா விடுதி 1972-ல் திறந்தது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதுதான் அங்கே வழக்கம். பல தீவுகளை அரைமணியில் சுற்றி வந்துவிடலாம். ஒரு வாரம் தங்கி, ஸ்கூபா கட்டிக்கொண்டு மூழ்கிப் பவளப்பாறை பார்க்க வருகிறவர்கள் நிறைய. ஆனால் ஊர் திரும்பும் நேரம் நெருங்கினால், எவ்வளவு கெஞ்சினாலும் நல்ல பயிற்சியாளர் கடலுக்குள் விடமாட்டார். ஏன்?

10 மீட்டர் இறங்கினாலே உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. அப்போது சுவாசிக்கிற காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கூடுதலாகக் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால், மூடி திறந்த சோடா மாதிரி குமிழ் குமிழாய்க் கிளம்பும். மூட்டு வலிக்கும், முதுகுத்தண்டைத் தாக்கினால் கால் செயலிழந்தே போகலாம். படிப்படியாக ஏறினால் தப்பலாம் என்று ஆடுகளை வைத்துச் சோதித்து, உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908-ல் அட்டவணையே வெளியிட்டார். எத்தனையோ உயிரைக் காத்த அட்டவணை அது.

இன்றும் மேலே வருமுன் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பார்கள். அவசரப்படாமல் காது கொடுத்தால், கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் சத்தம் கறுக் கறுக்கென்று கேட்கும். அது அரைத்து வெளியேற்றுவதும் சேர்ந்ததுதான் இந்தத் தீவுகளின் வெள்ளை மணல்!

ஆனால் ஊர் திரும்பும் விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையைவிடக் குறைவு. மெல்ல ஏறி வந்த பிறகும் உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழாகலாம். அதனால் நாள்தோறும் மூழ்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் பொறுத்துத்தான் பறக்க வேண்டும். அதுவரை கண்ணாடியும் குழாயும் மாட்டி, மேலாக மிதந்து ஆமை பார்க்கலாம், அதற்குத் தடையில்லை.