இல்லத்திற்கும் ஒரு படித்தரம்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருக்கோயிலில் வழிபடுவோர் கண்களுக்கு விளக்கும் மாலையும் நிவேதனமும் தோன்றுகின்றன. அவற்றின் பின்னே நிற்கும் அளவு தோன்றுவதில்லை. இந்தக் காலப் பூசைக்கு இவ்வளவு அரிசி, இந்த விளக்கிற்கு இவ்வளவு எண்ணெய் என்று முன்னரே வகுத்து வைத்த ஒழுங்கிற்குப் ‘படித்தரம்’ என்று பெயர். வருவாய் மிகுந்த கோயிலாயினும் குறைந்த கோயிலாயினும், படித்தரம் தவறாத இடத்தில் விளக்கு அணைவதில்லை.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எழுப்பிய முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் இவ்வொழுங்கை நன்கு காட்டுகின்றன. ஒரு திருநந்தாவிளக்கிற்கு 96 ஆடுகள் அளிக்கப்பெற்றன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாறு விளக்கிற்கு விட்ட ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் வழங்கும். மூத்த ஆடு மடிந்தால் அதன் குட்டி அவ்விடத்தில் நிற்கும், எண்ணிக்கை குறையாது. முதலைத் தொடாமல், அதன் பயனைக் கொண்டே செலவு செய்வது என்பது இதன் கருத்து. இவ்வறிவு கோயிலுக்கு மட்டும் உரியதன்று, குடும்பத்திற்கும் உரியது.

திருவள்ளுவர் வருவாயை ‘ஆகாறு’ என்றும் செலவைப் ‘போகாறு’ என்றும் குறித்தார். பொருள் வரும் வழி சிறிதாயினும், அது போகும் வழி பெரிதாகாதவரை கேடில்லை என்பது அவர் கருத்து. இக்கருத்தை அவர் வைத்த இடம் எண்ணத்தக்கது. பகைமேற் செல்லும் அரசனுக்குரிய ‘வலியறிதல்’ என்னும் 48ஆம் அதிகாரத்தில் இது நிற்கிறது. தன் வரவையும் செலவையும் அறிவதே ஒருவனுக்கு வலிமை என்பது இதனாற் பெறப்படும்.

இல்வாழ்க்கை அதிகாரத்தில் அவர் மற்றொன்றும் கூறினார். முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என ஐவரையும் பேணுதல் இல்வாழ்வான் கடமை என்றார். இதற்கு உரை கண்ட பரிமேலழகர், இவ்வைந்திற்கும் ஐந்து கூறு வேண்டியிருத்தலால் அரசனுக்குரிய இறை ஆறில் ஒன்றாயிற்று என்று விளக்கினார். எனவே, கைக்கு வந்த பொருளைச் செலவுக்கு முன்பே கூறு செய்தல் தமிழர்க்குப் புதிய கலையன்று. இக்காலத்து இல்லத்தில் ஆறு கூறும் சமமாக அமையா. எனினும் முறை அதுவே.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். மாதம் 24,000 ரூபாய் வருவாயில் கணவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வாழும் இல்லம் ஒன்று. மாதக் கடைசியில் கையில் ஒன்றும் எஞ்சுவதில்லை. ஆயினும் கடனும் இல்லை. ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணத்திற்கு 9,000 ரூபாய் தேவைப்படுகிறது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் கடன் வாங்குகின்றனர். தீபாவளிக்கு மேலும் 10,000 ரூபாய். இப்போது மாதந்தோறும் 570 ரூபாய் வட்டியாகப் போகிறது. ஓராண்டில் 6,840 ரூபாய். அசலிலோ ஒரு காசும் குறையவில்லை. அடுத்த ஜூனும் வருகிறது. மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. அதனினும் கொடியது யாதெனின், கணவன் வாங்கிய கடனை மனைவிக்கு மறைப்பதும், மனைவி வாங்கியதைக் கணவனுக்கு மறைப்பதுமாம். பொருள் குறைந்த வீடு தாங்கும்; நம்பிக்கை குறைந்த வீடு தாங்காது.

அன்பர்களே! ஜூன் மாதமும் தீபாவளியும் சொல்லாமல் வருவன அல்ல. ஆண்டுதோறும் வருவனவற்றை எதிர்பாராச் செலவு என்பது பொருந்தாது. அவ்வில்லத்தில் பள்ளிக்கு 9,000, தீபாவளிக்கு 10,000, குலதெய்வ வழிபாட்டுப் பயணத்திற்கு 5,000 என ஆண்டுச் செலவு 24,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 2,000. இத்தொகையை மாத முதல் நாளிலேயே தனியே எடுத்து வைத்தால் மேற்கூறிய கடன் பிறவாது.

அந்த 2,000 எங்கிருந்து வரும் என்பதே அடுத்த வினா. முதல் மாதத்தில் எதையும் குறைக்க வேண்டா, எழுதினால் போதும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பால், காய்கறி, பேருந்து, தேநீர் என அனைத்தையும் அன்றன்று இரவே குறித்தல் வேண்டும். கைபேசி வழியாகச் செலுத்தும் பணம் கையை விட்டுப் போவதைக் கண் காண்பதில்லை. ஆதலின் அதனைத் தவறாமல் எழுதுதல் இன்றியமையாதது. முப்பது நாள் கழித்துக் கூட்டிப் பார்த்தால், போன வழி தெரியாமற் போன பணம் தானே தெரியும்.

இரண்டாம் மாதம் படித்தரம் வகுத்தல். வாடகை 6,000, உணவுப் பொருள் 8,000, மின்சாரமும் எரிவாயுவும் கைபேசியும் 1,500, பிள்ளைகளின் படிப்பும் போக்குவரத்தும் 2,500, மருந்து 1,000, மொய் முதலியன 1,000, தருமம் 500, கைச்செலவு 500, ஆண்டுச் செலவுக்கு 2,000, சேமிப்பு 1,000. கூட்டினால் 24,000. சேமிப்பைக் கடைசியில் எஞ்சுவதாகக் கருதாமல், வாடகையைப் போல முதலிலேயே எடுத்து வைத்தல் வேண்டும். இவ்வாறு இரண்டு ஆண்டுகள் சென்றால் ஒரு மாத வருவாய் கையிருப்பாகும். நோயோ வேலையிழப்போ வந்தால் அதுவே முதல் துணை. முன்னரே கடன் உள்ளவர்கள், அந்த 1,000 ரூபாயைக் கொண்டு மிகுந்த வட்டியுடைய கடனின் அசலை முதலில் குறைத்தல் நன்று.

கைச்செலவு 500 ரூபாய்க்கு மட்டும் கணக்குக் கேட்டல் ஆகாது. கணவனுக்குப் பாதி, மனைவிக்குப் பாதி. ஒவ்வொரு காசுக்கும் விடை சொல்ல வேண்டிய வீட்டில் நோட்டு மூன்று மாதம் நிலைப்பதில்லை.

தொடங்குவோர் பலர்; தொடர்வோர் சிலர். ஏன்? ஒரு திருமணமோ காய்ச்சலோ வந்து கணக்குத் தவறியவுடன், ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று நோட்டை மூடிவிடுகின்றனர். முதல் மாத மதிப்பு தவறுவது இயல்பு. தவறிய தொகையை எழுதி, எந்தக் கூற்றிலிருந்து அது ஈடு செய்யப்பட்டது என்பதையும் எழுதி, மறுநாள் தொடர்தலே முறை. திருக்கோயில் நிருவாகத்திலும் ஜூலை முதல் நாள் தொடங்கும் பசலி ஆண்டிற்கு வரவு செலவுத் திட்டம் வகுக்கின்றனர். ஓர் ஆண்டு கணக்குப் பிசகியது என்று மறு ஆண்டு திட்டமின்றி நடத்துவாரில்லை.

வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றிய பின், கால் மணி நேரம் இருவரும் நோட்டின் முன் அமர்தல் நலம். வளர்ந்த பிள்ளைகளும் உடனிருக்கலாம். கேட்டது கிடைக்காத காரணத்தைத் தம் கண்ணாற் கண்ட பிள்ளை அடம் பிடிப்பது குறையும். அங்கே பேச வேண்டுவது ‘யார் செலவழித்தது’ என்பதன்று. ‘அடுத்த வாரத்திற்கு எவ்வளவு இருக்கிறது’ என்பதே. குற்றம் காணும் இடமாக அந்நேரம் மாறினால், அடுத்த வெள்ளிக்கிழமை இருவருக்கும் வேறு வேலை வந்துவிடும்.

படித்தரத்தைக் கஞ்சத்தனம் என்று எண்ணுதல் பிழை. அளவின்றி ஈந்து பின் கடன்பட்டு நிற்பவன், அடுத்து வருவோர்க்கு இல்லை என்பான். மாதம் 500 ரூபாயைத் தருமத்திற்கென்று ஒதுக்கி வைத்தவனோ, கேட்டு வந்தவர்க்கு மனங்கலங்காமல் ஈவான்.

96 ஆடுகளால் எரிந்த விளக்கு ஒன்றே. ஆயினும் நாள்தோறும் ஓர் உழக்கு அளந்ததனால் அது நின்று எரிந்தது. இம்மாத ஊதியம் கைக்கு வரும் நாளில், ஒரு நோட்டும் ஓர் எழுதுகோலும் வாங்குவதே முதற்செலவாக அமையட்டும். இல்லறம் நல்லறமாக விளங்குக!