நல்ல தூண்டில்காரன் யார்?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, "நீ இன்ஜினியர்னு எல்லாருக்கும் தெரியும்ப்பா. உன் ஆபீஸ் கதை வேண்டாம். வேற எதையாவது பேசு. இருபது நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டார். எனக்கு வேலையை விட்டால் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது தூண்டில். ஆகவே ஒரு நல்ல தூண்டில்காரனுக்கு என்ன வேண்டும் என்பதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஏரிக்கரை ஓரத்தில் பிறந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் பாதிப் பேராவது இருப்பீர்கள். மூங்கில் கழியில் நரம்பு கட்டி, தக்கை மிதக்கவிட்டு, ஜிலேபிக் கெண்டை பிடிக்காத பையன் நம்மில் யார்?

அந்த ஜிலேபிக் கெண்டை நம் ஊர் மீனே இல்லை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அது 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. மண்புழு கோத்துப் போட்டால் எந்த முட்டாளுக்கும் மாட்டும். அதைப் பிடித்ததால் ஒருவனைத் தூண்டில்காரன் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். விரால் பிடித்தால்தான் சொல்லுவார்கள். உடம்பில் கோடுகள் ஓடும் அந்த மீனைத் தெரியாதவர் இங்கே இருக்க முடியாது. தெலங்கானா அதைத் தன் மாநில மீனாகவே வைத்திருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். எனக்குப் பெரியப்பா முறை. பள்ளிக்கூடம் போனவர் அல்ல. விரால் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் சொன்னவற்றையும், பிறகு நான் படித்த இயற்பியலையும் சேர்த்துவைத்துப் பார்த்தால், நல்ல தூண்டில்காரனுக்கு வேண்டிய குணங்கள் ஐந்து என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, தண்ணீரைப் படிக்கத் தெரிய வேண்டும். புதிதாக வருபவன் ஏரியைப் பார்த்தால் வெறும் தண்ணீரைப் பார்க்கிறான். பெரியப்பா பார்த்தால் மதகு ஓரம் எவ்வளவு ஆழம், கோரை எங்கே முடிகிறது, காட்டாமணக்குப் புதர் எந்தப் பக்கம் நிழல் கொடுக்கிறது, கோடி போகும் இடத்தில் சின்ன மீன்கள் எங்கே ஒதுங்குகின்றன என்று அத்தனையும் பார்ப்பார். விரால் மற்ற மீன்களைப் போல் செவுளை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. அது மேலே வந்து காற்றைக் குடித்தே ஆக வேண்டும். மேலே வரவிடாமல் வலையில் சிக்கிக்கொண்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஆகவே எவ்வளவு கெட்டிக்கார விராலும் தான் இருக்கும் இடத்தை நாளெல்லாம் காட்டிக்கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. ஒரு சின்னச் சுழிப்பு, 'ப்ளக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "அது மூச்சு வுட்ட எடத்துல போடாதடா. மூச்சு வுட்டுட்டு எந்தப் பக்கம் திரும்புச்சுனு பாரு, அங்க போடு" என்பார் பெரியப்பா.

இரண்டாவது, அடக்கம். எங்களைப் பேசக் கூடாது என்று அவர் அதட்டியதே இல்லை. "வாயை வுட காலை அடக்கு" என்பார். இது ஏன் என்று இயற்பியல் வகுப்பில்தான் எனக்குப் புரிந்தது. காற்றில் எழும் ஓசையின் ஆற்றல் தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்குதான் உள்ளே போகும். ஆனால் கரையில் தொம் தொம் என்று மிதித்தால் அந்த அதிர்வு மண் வழியாக நேரே தண்ணீருக்குள் இறங்குகிறது. தண்ணீரில் ஓசை ஒரு வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகிறது. காற்றில் போவதைப்போல நான்கு மடங்குக்கு மேல். மீனின் விலாவில் ஓடும் உணர்வுக் கோடும் பக்கத்தில் எழும் சின்ன அசைவைக்கூட அறியும்.

அவர் குந்தியே தூண்டில் போடுவார். அதற்கும் காரணம் இருக்கிறது. ஒளிவிலகலால், நீருக்குள் இருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்ட ஜன்னலுக்குள் அடங்கிவிடுகிறது. அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக இருப்பதெல்லாம் அந்த ஜன்னலின் விளிம்பில் நசுங்கித் தெரியும். நிற்பவன் ஆளாகத் தெரிவான், குந்தியிருப்பவன் வெறும் புதர் மாதிரி இருப்பான். பெரியப்பாவுக்கு ஒளிவிலகல் தெரியாது. ஆனால் அதன்படி நாற்பது வருஷம் குந்தியிருந்தார்.

மூன்றாவது, கருவியில் அக்கறை. விலை உயர்ந்த கருவி என்று நான் சொல்லவில்லை. இப்போது கடையில் ரப்பர் தவளை, பின்னல் நரம்பு, ஜப்பான் ரீல் எல்லாம் கிடைக்கின்றன. நானும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் மீன் தப்பிப்போவது பெரும்பாலும் முடிச்சில்தான். நைலான் நரம்பில் முடிச்சைக் காய்ந்தபடியே இழுத்து இறுக்கினால் உராய்வில் சூடேறி அந்த இடம் பலமிழக்கிறது. எச்சில் தொட்டு மெதுவாக இறுக்க வேண்டும். முள்ளை நகத்தின்மேல் வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். வழுக்கினால் தீட்ட வேண்டும். பாலம் கட்டுபவனுக்கும் இதே பாடம்தான். எஃகு சாதாரணமாக நடுவில் உடைவதில்லை, இணைப்பில்தான் உடைகிறது.

நான்காவது, காத்திருக்கவும் தெரிய வேண்டும், எதற்காகக் காத்திருக்கிறோம் என்றும் தெரிய வேண்டும். மணிக்கணக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பொறுமை என்று நினைக்கிறோம். பெரியப்பா ஓர் இடத்தில் கால் மணிக்கு மேல் இருக்க மாட்டார். ஆனால் விரால் தவளையைக் கவ்வியதும் எல்லோரும் வெடுக்கென்று இழுக்கும் நேரத்தில் அவர் இழுக்க மாட்டார். அது முதலில் பல்லால் பிடிக்கும், பிறகு திரும்பிக்கொண்டுதான் விழுங்கும். அந்த இரண்டு மூன்று வினாடி கையைக் கட்டிப்போட்டவனுக்குத்தான் மீன். "கவ்வுனா உனுது இல்ல, முழுங்குனாத்தான் உனுது" என்பார். வேலைக்கு நேர்முகத் தேர்வு முடித்துவிட்டு, ஆணை கையில் வருவதற்குள் ஊரெல்லாம் இனிப்புக் கொடுக்கும் தம்பிகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் வெளியே போய் வரலாம். வேலை நிமித்தமாக இரண்டு வருஷம் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்தேன். அங்கே 'ஸ்டிரைப்டு பாஸ்' என்று ஒரு கடல் மீன். அதற்கும் நம் விரால் மாதிரியே உடம்பில் கோடுகள். அதற்காக அங்கே பைத்தியமாக அலைகிறார்கள். கேப் காட் கால்வாய் ஓரம் விடியற்காலையில் போனால் சைக்கிளில் தூண்டில் கழியைக் கட்டிக்கொண்டு வரிசையாக வருவார்கள். அலைக்கரையில் நின்று பிடிப்பவன் பெரியவனா, படகில் போய்ப் பிடிப்பவன் பெரியவனா என்று அவர்களுக்குள் ஓயாத சண்டை. படகுக்காரன் மீன் இருக்கும் இடத்துக்கே போய்விடுகிறான், அதில் என்ன திறமை என்பது கரைக்காரர் கட்சி. பரந்த கடலில் எந்த இடம் என்று கண்டுபிடிப்பதுதானே திறமை என்பது படகுக்காரர் கட்சி.

கணக்கைப் பார்த்தால் இரு கட்சிக்கும் பங்கு இருக்கிறது. 1982-ல் அட்லாண்டிக் சிட்டி நகரில், புயல் காற்றில், கல் தடுப்புச் சுவர்மேல் நின்று ஆல் மெக்ரேனால்ட்ஸ் என்பவர் 78 பவுண்டு 8 அவுன்ஸ் எடையுள்ள மீனைப் பிடித்தார். ஏறக்குறைய முப்பது வருஷம் அதுவே உலக சாதனை. 2011-ல் கனெக்டிகட் கரைக்கு அப்பால் படகிலிருந்து கிரெக் மயர்சன் என்பவர் விலாங்கை இரையாக வைத்து 81 பவுண்டு 14 அவுன்ஸ் மீனைப் பிடித்து அதை முறியடித்தார். அவர் தன் தூண்டிலில் சத்தம் எழுப்பும் ஈயக்குண்டு ஒன்றைத் தானே வடிவமைத்துக் கட்டியிருந்தார். ஒருவர் கரை, ஒருவர் படகு. ஆனால் இருவருமே மீனின் பழக்கத்தைத் தேடிப்போனவர்கள். நம் ஏரியில் கரையில் குந்தினாலும் சரி, ஒகேனக்கல்லில் பரிசலில் போனாலும் சரி, விஷயம் அதுதான்.

அந்த மீனுக்கு நடந்த இன்னொரு கதையும் உண்டு. 1970-களின் கடைசியில் அளவுக்கு மீறிப் பிடித்துப் பிடித்து அது அழியும் நிலைக்கு வந்துவிட்டது. 1984-ல் அமெரிக்க அரசு அதற்கென்றே சட்டம் போட்டது. சில மாநிலங்கள் பிடிப்பதையே நிறுத்திவைத்தன. 1995-ல் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். திரும்பவும் குறைந்தது. 2023-ல் கடலில் பொழுதுபோக்காகப் பிடிப்பவர் 28 அங்குலத்துக்குக் குறைந்த மீனையும் வைத்துக்கொள்ளக் கூடாது, 31 அங்குலத்துக்கு மிஞ்சிய மீனையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி வந்தது. சின்னதை விடச் சொல்வது நமக்குப் புரிகிறது. பெரியதை ஏன் விட வேண்டும்? பெரிய பெண் மீன்தான் அதிக முட்டை இடும். ஆகவே ஒருவன் வாழ்நாளெல்லாம் கனவு கண்ட மீன் மாட்டினாலும், படம் எடுத்துக்கொண்டு திருப்பி விட வேண்டும். விடுகிறார்கள்.

நம் காவிரியிலும் அப்படி ஒரு மீன் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வருகிறது. மஹசீர். சென்னை மாகாண அதிகாரி எச்.எஸ். தாமஸ் 1873-லேயே இந்தியத் தூண்டில் கலையைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது அதைக் கொண்டாடினார். 1946-ல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ மீனைப் பிடித்தார். காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத அந்தத் திமில் மஹசீருக்குச் சரியான அறிவியல் பெயர் எது என்பது 2018-ல்தான் உறுதியானது. அதே வருஷம் அது அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிலும் ஏறிவிட்டது. பெயர் வைப்பதற்குள் பிள்ளை சாகக் கிடக்கிறது.

இப்போது ஐந்தாவது குணம். மழை தொடங்கி ஏரிக்கு நீர் வரும்போது விரால் ஜோடி சேரும். பாசியை ஒதுக்கி இடம் பண்ணி முட்டையிடும். குஞ்சுகள் பொரிந்தபின் செந்நிறக் கூட்டமாக, தண்ணீரில் குங்குமம் கொட்டியதுபோல் மேலே மிதந்து வரும். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தூண்டிலைப் போட்டால் பெரிய விரால் பாய்ந்து கவ்வும். நூற்றுக்கு நூறு நிச்சயம். ஆனால் அது பசிக்குக் கடிப்பதில்லை, பிள்ளைக்காகக் கடிக்கிறது. தாய் தகப்பன் போனபின் அந்தக் குஞ்சுகளைக் கெளுத்தியும் கெண்டையும் கொக்கும் சில நாளில் தீர்த்துவிடும்.

பெரியப்பா ஐப்பசி, கார்த்திகையில் குஞ்சுக் கூட்டம் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கரைக்குப் போய்விடுவார். ஒரு தடவை கூட இருந்த ஒருத்தர், "யோவ், கண்ணு முன்னாடி ரெண்டு கிலோ நிக்குது, வுட்டுட்டுப் போறியே" என்றார். "அது இப்ப மீனு இல்லய்யா, ஆத்தா" என்றார் பெரியப்பா. மற்ற நான்கும் திறமை. இது ஒன்றுதான் ஒருவனைப் பெரிய தூண்டில்காரன் ஆக்குவது.

அவர் காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட என்னிடம் இல்லை. இன்று இளைஞர்கள் செல்போனில் பார்த்துவிட்டுக் குஞ்சுக் கூட்டத்தைத் தேடியே போகிறார்கள். சில இடங்களில் பேட்டரி வைத்து மின்சாரம் பாய்ச்சியும் பிடிக்கிறார்கள். நான் மின்னியல் படித்தவன், சொல்கிறேன் கேளுங்கள். மின்சாரத்துக்குத் தாய் மீன், குஞ்சு மீன் என்ற பேதம் கிடையாது. ஈரத்தில் நிற்கும் மனுஷன், மீன் என்ற பேதமும் கிடையாது. போதாக்குறைக்கு 2000-லேயே தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி நீர்நிலைகளில் புகுந்து, இருக்கிற நாட்டு மீனையும் தின்கிறது.

எனவே இந்நாள் மாணவர்களுக்கு மூன்று வேண்டுகோள். குஞ்சோடு இருக்கும் விராலைத் தொடாதீர்கள், கூட வருபவனையும் தொட விடாதீர்கள். மண் அள்ளிய பள்ளங்கள் உள்ள ஏரியில் தனியாக இறங்காதீர்கள். தண்ணீர் நிரம்பினால் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே ஆள் ஆழமாக இருக்கும். மூன்றாவதாக, ஆளுக்கு ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் ஊர் ஏரி எந்தத் தேதியில் நிரம்பியது, எப்போது கோடி போனது, குஞ்சுக் கூட்டம் எந்த வாரத்தில் எந்த மூலையில் தெரிந்தது, என்ன மீன் குறைந்தது, என்ன மீன் புதிதாக வந்தது என்று எழுதி வையுங்கள். ஊரில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அந்த நோட்டுகளை நம் கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரியில் வைக்க முன்னாள் மாணவர் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் ஐம்பது நோட்டும் அலமாரியும் என் செலவு.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். விரால்கூட இவ்வளவு நேரம் மூச்சு விடாமல் இருக்காது.