பேச்சுக்கு ஒதுக்கிய இடம்

கைப்பேசியில் பேசியவாறே பேருந்தில் செல்லும் ஒருவர், ஒரு கோபுரத்தின் எல்லையைக் கடந்து அடுத்த கோபுரத்தின் எல்லைக்குள் புகுகிறார். அங்கே இடமில்லையெனில் அவர் பேச்சு நடுவிலேயே அறுந்துவிடும். அதே கோபுரத்தின்கீழ் நின்று புதிதாக அழைக்க முயல்பவருக்கும் இடம் கிடைக்காமற் போகலாம். அவர் சற்றுப் பொறுத்து மீண்டும் முயல்வார். இரண்டும் இடமின்மையால் வருவனவே. ஆயினும் மருத்துவரிடம் நோயாளியின் நிலையைச் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு எது கொடிது என்று நான் விளக்க வேண்டுவதில்லை.

இத்தனை தடங்களுக்கு இத்தனை அழைப்புகள் வருமாயின் எவ்வளவு திருப்பியனுப்பப்படும் என்னும் கணக்கைக் கோபன்ஹேகன் தொலைபேசிக் கழகத்தில் பணியாற்றிய எர்லாங் 1917-இல் வகுத்தளித்தார். பேசுகிறவர் இடம்பெயர்வார் என்பது கம்பிவழித் தொலைபேசிக்கு எழுந்த அக்கணக்கில் இல்லை. அதனைக் கணக்கிற் கொண்டு ஹாங், ராப்பபோர்ட் என்னும் இருவர் 1986-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். கோபுரமொன்றில் 30 தடங்கள் இருப்பதாகக் கொள்வோம். 28 நிரம்பியதும் புதிய அழைப்புகளுக்குக் கதவு அடைக்கப்படும். எஞ்சிய 2, பக்கத்துக் கோபுரத்திலிருந்து பேசியபடியே வருவோர்க்கு உரியவை.

தடத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு வாயிலில் நிற்பவரைத் திருப்பியனுப்புவதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நள்ளிரவில் நெடுஞ்சாலையோரத்துக் கோபுரத்துக்கு வேண்டிய ஒதுக்கீடு வேறு. மாலையில் அலுவலகம் கலையும் வேளையில் வேண்டியது வேறு. ஆதலின் அயற்கோபுரங்களின் நெருக்கடியைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளும் முறைகள் பின்னர் ஆராயப்பட்டன.

நான்காம் தலைமுறை வலையமைப்பில் ஆளுக்கொரு தடம் என்பதே இல்லை. பேச்சும் சிறு பொட்டலங்களாகவே செல்கிறது. ஒதுக்கீடு மட்டும் ஒழியவில்லை. வலையமைப்பு தானே நடத்தும் பேச்சுக்கு உறுதியான வேகமும், 100 மில்லிவிநாடி என்னும் தாமத வரம்பும் உண்டு. முகம் பார்த்துப் பேசும் அழைப்புக்கு 150. யாருக்கு முதலில் இடம் தருவது என்பதற்கு 1 முதல் 15 வரை வரிசையும் உண்டு. ஒரு முகங்காண் அழைப்பு, பல குரல் அழைப்புகளின் இடத்தை விழுங்கிவிடும். நெரிசலில் படத்தை மங்கவிட்டேனும் குரலைக் காப்பதே முறை என்பது என் கருத்து.

செயலிகள் வாயிலாகப் பேசுவோருக்குப் பெரும்பாலும் இவ்வொதுக்கீடு கிடையாது. அவர்கள் குரல், பிறர் பார்க்கும் திரைப்படங்களோடும் செய்திகளோடும் ஒரே வரிசையில் நின்றுதான் செல்கிறது. திருவிழாக் கூட்டத்தில் அவ்வழைப்பு திக்கித் திணறுகையில், எண்ணைச் சுழற்றும் சாதாரண அழைப்பு பலகாலும் தெளிவாகக் கேட்பது இதனாலேதான்.