மூவலூர்ப் பாட்டியார் நடந்த நடை
(பொதுக்கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



பக்தியுள்ள பாட்டி, ஊரெல்லாம் சுற்றிய பாட்டி என்று நம் வீடுகளில் ஒருவரைப் பெருமையாகச் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரியும். காசிக்குப் போனார், இராமேசுவரத்தில் முழுகினார், வரும்போது ஒரு சொம்பு கங்கைத் தண்ணீர் கொண்டுவந்தார் என்பதேயாகும். அந்தப் பாட்டிமார்களை நான் பரிகசிக்க வரவில்லை. வாசற்படியைத் தாண்ட வேறு எந்தக் காரணமும் சொல்ல விடாத சமுதாயத்தில், சாமி பேரைச் சொல்லியாவது நாலு ஊர் பார்த்தார்களே என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் இன்று பேச வந்தது வேறொரு பாட்டியாரைப் பற்றி. அவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்.

1883-இல் பிறந்தவர். மாயவரத்துக்கு அடுத்த மூவலூரில் வளர்ந்தவர். வறுமையின் காரணமாக ஐந்து வயதில் பத்து ரூபாய்க்கும் ஒரு பழம்புடவைக்கும் ஒரு தாசியிடம் விற்கப்பட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். எதற்காக வாங்கினார்கள்? பொட்டுக் கட்டும் தொழிலுக்கு வளர்ப்பதற்காக. அதாவது கடவுளுக்கு மனைவியாக்குவதற்காக!

கடவுளுக்குக் கொடுப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். கொடுக்கப்படுகிற பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. வாங்கிக்கொள்ளுகிற கடவுளும் வாய் திறப்பதில்லை. நடுவில் நின்று அனுபவிக்கிறவர்கள் மிராசுதாரும் மைனரும். கல்லுக்கு மனைவியானவளுக்குப் பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் என்று சொல்லிக்கொள்ள எந்தப் பக்தனும் முன்வரமாட்டான். இதற்குத்தான் திருப்பணி என்று பெயர்!

அம்மையார் அந்தத் தொழிலை வேண்டாமென்று உதறித் தள்ளி, தமக்குப் பாட்டுக் கற்பித்த சுயம்புப் பிள்ளையைத் தாமே விரும்பித் துணைவராக்கிக்கொண்டார். முதலில் காங்கிரசில் இருந்தார். 1925-இல் பெரியார் வெளியேறியபோது அவரும் வெளியேறினார். அதன்பின் அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசியது பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிப்பதற்காகவே.

அது சுலபமான வேலையென்று எண்ணிவிடாதீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தபோது, வைதிகர்கள் எதிர்த்தது போதாதென்று தாசிகளின் சங்கத்தாரே எதிர்த்து மனுப் போட்டார்கள். ஏன்? வயிறு இருக்கிறதல்லவா! கோயில் ஊழியத்தை விட்டால் மானிய நிலம் போய்விடும் என்ற பயம். 1929-இல் அந்த நிலத்தை ஊழியத்திலிருந்து பிரித்து அவர்களுக்கே ஆக்கச் சட்டம் வந்தது. இருந்தும், பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் சட்டம் 1947-இல்தான் வந்தது. இருபது வருஷம்! அயலானைத் திட்டிப் பிரசங்கம் செய்ய என்னாலும் முடியும். தன்னை வளர்த்த கூட்டத்தின் முன்னாலேயே போய் நின்று, "இது இழிவு, விட்டுவிடுங்கள்" என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? பேசியது போதாதென்று 1936-இல் "தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்" என்று நாவலே எழுதி அச்சிட்டார்.

இனி அவர் யாத்திரைக்கு வருகிறேன். 1938-இல் இராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிற்று. ஆகஸ்டு 1-ந் தேதி திருச்சியிலிருந்து சுமார் 100 பேர் கொண்ட தமிழர் படை சென்னைக்குக் கால்நடையாகப் புறப்பட்டது. குமாரசாமிப் பிள்ளை தலைவர். பட்டுக்கோட்டை அழகிரிசாமி தளபதி. படையில் ஒரே ஒரு பெண். அவருக்கு வயது 55!

திருச்சியிலிருந்து சென்னை நேர்வழியில் சுமார் 200 மைல். படை நேர்வழியில் போகவில்லை. ஊர்களைச் சுற்றிக்கொண்டு, கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டு 42 நாள் நடந்தது. ஐம்பத்தைந்து வயதில் ஒரு பெண்பிள்ளை வெயிலிலும் மழையிலும் நூறு ஆண்களோடு நடப்பது என்றால், அந்தக் காலத்தில் ஊர் வாய் என்னென்ன பேசியிருக்கும்! செப்டம்பர் 11-ந் தேதி சென்னை சேர்ந்தார்கள். மற்றவர்களானால் வீட்டுக்குப் போய்க் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள். அம்மையாரோ நவம்பர் 14-ந் தேதி டாக்டர் தர்மாம்பாள் முதலிய பெண்களோடு மறியல் செய்து ஆறு வாரம் சிறைக்குப் போனார். 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி உத்தரவு வாபஸ் ஆயிற்று.

மற்றொரு சங்கதியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1949-இல் பெரியாருடைய திருமணத்தை ஒப்பாமல் பிரிந்து, தோழர் அண்ணாதுரையோடு திராவிட முன்னேற்றக் கழகத்துக்குப் போனவர் இவர். நம்மில் சிலருக்கு அது இன்றைக்கும் கசப்பு. அவர் முடிவு எனக்கும் சம்மதமில்லை. ஆனால் கடவுளையே வேண்டாமென்றவர் தலைவரை மட்டும் கேள்வி கேட்காமல் கும்பிடுவார் என்று எப்படி எதிர்பார்ப்பது? 1962-இல் இறக்கும்வரை யாரையும் அவர் கும்பிடவில்லை.

1989-இல் அவர் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. 2011-இல் அதில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. தாலியில்லாத் திருமணங்களை நடத்திவந்த இயக்கத்தாரின் பெயரால் தாலித் தங்கம்! 2022-இல் அது மாறி, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து மேலே படிக்கும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆயிற்று.

இந்த ஊரில் பன்னிரண்டோடு நிறுத்தப்பட்ட பெண்கள் சிலர் இருப்பதாக வரும் வழியில் கேள்விப்பட்டேன். அவர்களுடைய தாய் தகப்பன்மார் இங்கு இருந்தால், கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வாருங்கள். கல்லூரிக்கு மனு எழுதத் தெரிந்த தோழர்கள் இருவர் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.